தொசாமிலேயின் கதவில் நின்றுபோன பயணி

எங்கள் நாட்டை உலகத்தில் ஒரே ஒரு நாடுதான் நாடு என்று ஒப்புக்கொண்டது. எங்களை உண்டாக்கிய நாடே அது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை குஞ்சு பொரித்ததே கூட்டை விட்டுத் தள்ளுவதற்குத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு அக்டோபரில், கோசா மொழி பேசுகிற நாங்கள் எல்லாரும் இனித் தென்னாப்பிரிக்காக்காரர்கள் இல்லை, டிரான்ஸ்கை நாட்டுக் குடிமக்கள் என்று வெள்ளை அரசு சொல்லிவிட்டது. தலைநகர் உம்டாட்டாவின் மைதானத்தில் பீரங்கி முழங்கியது. காவியும் வெள்ளையும் பச்சையுமாக ஒரு கொடி ஏறியது. அழைக்கப்பட்ட நாடுகளுக்கெல்லாம் அன்று வேறு வேலை வந்துவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் முந்தின ராத்திரி உள்ளூர்க்காரனாகப் படுத்தவன் காலையில் வெளிநாட்டுக்காரனாக எழுந்தான். படுக்கை மாறவில்லை, முதலாளியும் மாறவில்லை. இனி அவனை ஊருக்குத் துரத்துவதற்குப் பெயர்தான் மாறியது. நாடு கடத்துவது என்று கௌரவமாகச் சொன்னார்கள்.

நாடு என்றால் எல்லை வேண்டும். எல்லை என்றால் கதவு வேண்டும், கதவுக்கு ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் எங்களுக்குத் தொசாமிலே கிடைத்தார்.

அதற்கு முன்னால் அவர் மாடுகளுக்கு உண்ணி மருந்துத் தொட்டியில் வேலை பார்த்தார். மாடுகளை ஒவ்வொன்றாக மருந்துத் தண்ணீரில் இறக்கி, நீந்த வைத்து, மறுகரையில் ஏறுவதை எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பாத ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார். மாட்டை எண்ணத் தெரிந்தவனுக்கு மனுஷனை எண்ணத் தெரியாதா என்று தொப்பியும் முத்திரையும் கொடுத்துவிட்டார்கள்.

குயின்ஸ்டவுனிலிருந்து எங்கள் ம்தோஞ்சேனி கிராமத்துக்கு வரும் கப்பி ரோட்டில் ஒரு ஓடை உண்டு. அதன் நடுவில்தான் எல்லை. காவல் அறையும் அதை ஒட்டிய குடிசையும் ஓடைக்கு அந்தப் பக்கம், ஊர் இந்தப் பக்கம். அதாவது எங்கள் நாட்டுக் காவல் அறை வெளிநாட்டில் இருந்தது. இதைப் பற்றி உம்டாட்டாவுக்கு எழுதிப் போடலாமா என்று தொசாமிலே ஆரம்பத்தில் யோசித்தார். அப்படி யோசிக்கிற ஆள் அவர். எங்களில் பாதிப்பேர் அந்த நாட்டைப் பார்த்துச் சிரித்தோம், மீதிப்பேர் பல்லைக் கடித்தோம். அவர் ஒருவர்தான் அதை நம்பினார். ரோட்டின் குறுக்கே ஏறி இறங்கும் இரும்புக் கம்பத்துக்கு வருஷம் தவறாமல் காவியும் வெள்ளையும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்தார். கம்பத்தின் மறுமுனையில் எடைக்காகக் கட்டிய கல்லுக்கும் சேர்த்து அடித்தார்.

அவர் மனைவி நோவெது கேப்டவுனில் வீட்டு வேலை செய்தாள். முன்பெல்லாம் வேலைக்குப் போனவள் என்போம், இப்போது வெளிநாடு போனவள் ஆகிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது கணவனிடமே பெயரும் ஊரும் வந்த காரணமும் சொல்லித்தான் உள்ளே நுழைய வேண்டும். முதல் வருஷம் அதற்குச் சிரித்தாள். அடுத்த வருஷம் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் வரவில்லை.

இதற்கு நடுவில் எழுபத்தெட்டில் ஒரு கூத்து நடந்தது. ஒரு நிலத்துண்டு எங்களுக்கா, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்துக்கா என்று தகராறு. எங்கள் அரசுக்குக் கோபம் வந்து, எங்களை ஒப்புக்கொண்ட அந்த ஒரே நாட்டோடும் தூதர் உறவை முறித்துக்கொண்டது. உலகத்தில் எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு சிநேகிதம். அதையும் காய் விட்டோம். கதவுகளில் கெடுபிடி ஏறியது. உள்ளே வருகிறவர்கள் அவரவர் பெயரை அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்று தொசாமிலேயின் மேலதிகாரி உத்தரவு போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மொந்தே என்பவர் தன் அண்ணன் லுங்கிலேயைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

லுங்கிலே தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்துபோயிருந்தார். எங்கள் ஆட்கள் வெளியூரில் இறந்தால் உடம்பைப் புதைப்பதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆளைக் கூட்டிவருவது எங்கள் வேலை. காட்டிலந்தைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு இறந்த இடத்துக்குப் போக வேண்டும். குலப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கிளையில் வந்து ஏறிக்கொள்வார். அப்புறம் ரயிலிலும் பஸ்ஸிலும் அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். இதோ ரயில் ஏறுகிறோம், இதோ ஆற்றைத் தாண்டுகிறோம் என்று வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கொண்டுவருகிறவர் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அந்த இடத்திலேயே அவர் இறங்கிவிடுவார்.

இது தொசாமிலேக்குத் தெரியாதா? அவர் அப்பாவையே அப்படித்தான் கூட்டிவந்தார்கள். ஆனால் அன்று பார்த்து மேலதிகாரியின் கார் அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தொசாமிலே பஸ்ஸுக்குள் ஏறி எண்ணினார். தலையை விட டிக்கெட் ஒன்று கூடுதலாக இருந்தது. மொந்தேயின் பக்கத்துச் சீட்டில் கிளை சாய்ந்திருந்தது. உமது பேர் என்ன என்று கேட்டார். மொந்தே அவரைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. பின் சீட்டில் குழாயில் புகையிலை புகைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி சொன்னாள்:

"தம்பி, அவரு வாயைத் திறக்க மாட்டாரு. அண்ணனைக் கூட்டிட்டுப் போறாரு. என்ன கேக்கணுமோ எங்களைக் கேளு."

"சட்டப்படி அவங்கவங்க பேரை அவங்கவங்கதாம்மா சொல்லணும்."

"டிக்கெட் ரெண்டு, ஆள் ரெண்டு" என்றார் டிரைவர். "உனக்குக் கண்ணு தெரியலைன்னா நான் என்னய்யா பண்றது."

பஸ் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. தொசாமிலே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அறை ஜன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு கிளையைக் காட்டி, இவர் எந்த நாட்டுக்காரர், நம் நாட்டு அடையாளப் புத்தகம் இவரிடம் இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டார். அவர் குறிவைத்துக் கேட்கவில்லை. ஆனால் லுங்கிலே டிரான்ஸ்கைப் புத்தகம் வாங்கமாட்டேன் என்று சாகும்வரை அடம்பிடித்த ஆள். சுரங்கத்தில் அதற்காக அவரைப் படாத பாடு படுத்தியிருந்தார்கள். மொந்தேக்கு அது தெரியும்.

"இவன் என் அண்ணன்டா" என்றார் மொந்தே. "நாடு என்னடா நாடு."

பின் சீட்டு அம்மாள் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

மொந்தே கிளையோடு கீழே இறங்கினார். பேலே, பேலே என்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் அப்பா பெயரை, தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குறுக்கே மாடு நின்றால்கூட ஹார்னை விட்டுக் கையெடுக்காத டிரைவர் அன்று சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசியில் மொந்தே கிளையைக் கையில் தூக்கிப் பார்த்தார். வெறும் விறகு. காவல் அறைச் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, தொசாமிலேயிடம், இந்தக் கதவு இருக்கிறவரைக்கும் தன் அண்ணனைக் கூப்பிட வரமாட்டேன், அவன் யாரிடமும் புத்தகம் காட்டி வீட்டுக்குள் வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

எங்கள் மரபைக் காப்பாற்றுவதற்காகவே உண்டான நாடு என்று உம்டாட்டா ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் கதவில்தான் இது நடந்தது. மேலதிகாரி கொஞ்சம் பொறுத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். டீ குடித்த கையோடு தூங்கிப்போயிருந்தார். பஸ் வந்ததா என்று கேட்டார்.

அன்றிலிருந்து ம்தோஞ்சேனியில் யாரும் தொசாமிலேயை மிரா என்று கூப்பிடவில்லை. எங்களில் ஒருவரைக் குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. அவர் குலம் மிரா. ஊர் அதை எடுத்துவிட்டுக் கதவு என்று வைத்தது. கதவு வருது, கதவு போகுது. கடைக்குப் போனால் கேட்டதைக் கொடுத்தார்கள். பீர் குடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால், குடிக்கிற சட்டி அவர் முறைக்கு வரும்போது எப்படியோ காலியாக இருக்கும். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது பேச்சு வளர்ந்திருக்கும். கதவில் மட்டும் எல்லாரும் பேசினார்கள், சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு. பெயர், ஊர், காரணம். நாளெல்லாம் அவருக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது, அவரோடு பேச ஆள் இல்லை.

லுங்கிலே இருந்தார்.

முதலில் பயம்தான். சுவரில் சாய்ந்திருந்த கிளையைத் தாண்டித்தான் அறைக்குள் போக வேண்டும். வாசலில் ஒரு மனிதர் நிற்கும்போது வணக்கம் சொல்லாமல் உள்ளே போவது எப்படி? அதனால் காலையில் வணக்கம் சொன்னார். அப்புறம் ஒரு சிட்டிகைப் புகையிலையைத் தரையில் வைத்தார். பிராந்தி குடித்தால் முதல் சொட்டை மண்ணில் விட்டார். கிளை காய்ந்து உதிர்ந்து, கடைசியில் ஆடு மேய்ப்பவர்கள் யாரோ எடுத்து எரித்துவிட்டார்கள். அதற்கும் லுங்கிலேக்கும் இப்போது சம்பந்தம் இல்லை. அவர்தான் இறங்கிவிட்டாரே.

கம்பத்தைத் தூக்கிக்கொண்டே தொசாமிலே நாட்டு நடப்பு சொல்வார். இதை ரோட்டில் போனவர்கள் காதால் கேட்டிருக்கிறார்கள்.

"லுங்கிலே, நம்ம சர்க்காரு அவங்களோட பேசறதில்லையாம். போகட்டும், நமக்கு நாமளாவது இருக்கோம்."

ரெண்டு வருஷத்தில் சர்க்கார் மறுபடி ராசியாகிவிட்டது. அதையும் சொன்னார். பின்னால் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, சுவரில் இருந்த தலைவர் படத்தைக் கழற்றி, புதுப் படம் வரும்வரை ஆணி சும்மா இருக்கிறது என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். கட்டை வண்டி எத்தனை போனது, மழை எந்த மலையோடு நின்றுவிட்டது, யார் வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாம் சொன்னார்.

ஒரு ஈஸ்டரில் கேப்டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தன் பெயர் சொன்னான், ஊர் சொன்னான். காரணம் என்ன என்று கேட்டார்.

"நோவெது கல்யாணத்துக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்பறேன்" என்றான்.

தொசாமிலே முத்திரை குத்தினார். அடுத்தவரைக் கூப்பிட்டார். பஸ் போனபிறகு லுங்கிலேயிடம் சொன்னார். லுங்கிலே ஒன்றும் சொல்லவில்லை. இந்த வட்டாரத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

தொண்ணூற்று நாலில் மறுபடி தென்னாப்பிரிக்காக்காரர்களாகி நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். எங்கள் நாடு மறைந்தது. இல்லாத ஒன்று எப்படி மறையும் என்று கேட்காதீர்கள். கொடி இறங்கியதற்கு யாரும் பீரங்கி வெடிக்கவில்லை. எல்லைக் கம்பத்தை ம்தோஞ்சேனி ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போய் மாட்டுப் பட்டிக்கு வைத்துக்கொண்டார்கள். அறையின் கூரைத் தகடு ஒரு பக்கமும் கதவுச் சட்டம் ஒரு பக்கமும் போயின. ஓடையில் ஒரு எல்லை இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பாத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. தொசாமிலே மட்டும் அந்தக் குடிசையிலேயே இருந்தார். காலி செய்யச் சொல்ல வேண்டிய இலாகாவும் நாட்டோடு போய்விட்டது.

மொந்தே வந்தார். அவரும் சுரங்கத்துக்குப் போய் நுரையீரலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஆளாகியிருந்தார். பசுமையான கிளையோடு மினிபஸ்ஸிலிருந்து இறங்கி, அறை இருந்த இடத்தில் நின்று பேலே, பேலே என்று இருமலுக்கு நடுவே கூப்பிட்டார். தொசாமிலே குடிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வண்டிச் சத்தம் ஓய்ந்தபிறகு வெளியே வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சுவர் இருந்த பக்கம் பார்த்து வணக்கம் சொன்னார். சொன்னவுடன் தெரிந்துவிட்டது, லுங்கிலே போகவில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடேயே போய்க் குடிசைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரமே மொந்தே மறுபடி வந்தார். இந்த முறை கிளையை வண்டியிலேயே வைத்துவிட்டு, குடிசைக்கு முன்னால் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"ஆடு இலையைத் தொடல" என்றார்.

கொண்டுவந்த கிளையின் இலைகளை வீட்டு ஆடுகள் தின்ன வேண்டும். தின்றால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

"குறி சொல்றவகிட்டப் போனேன். அவன் கிளம்ப மாட்டேங்கறானாம். யாரோ தினம் புகையிலை வைக்கறாங்களாம், பேச்சுக் குடுக்கறாங்களாம்." மொந்தே இருமி முடித்தார். "அப்படி என்னதான் பேசுவே அவன்கிட்ட?"

"சும்மாதான். மழை. மாடு. ஆட்சி."

"பதில் சொல்வானா?"

"கேட்டுக்குவாரு."

"நான் சொல்லி ஒரு நாளும் எதையும் கேட்டதில்ல அவன்" என்றார் மொந்தே. இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு எங்கே பார்ப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

"மிரா, நீயே கூட்டிட்டு வந்து விட்டுரு."

அந்தப் பெயரை அவர் காது கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்காகத்தான் மொந்தே அதைச் சொன்னார் என்பதும் அவருக்குப் புரிந்தது.

"நான் உங்க குலம் இல்லையே."

"அது எனக்குத் தெரியாதா."

"இங்கேயே இருக்கட்டுமே" என்றார் தொசாமிலே. குரல் தாழ்ந்துவிட்டது. "நான் பாத்துக்கறேன். ஒரு குறையும் வைக்கலை."

மொந்தே ஓடையைப் பார்த்துக்கொண்டே, அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள், கண் போய்விட்டது, வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் அவனா அவனா என்று கேட்கிறாள் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

தொசாமிலே எழுந்து ஓடையில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டை மாற்றினார். வண்டியிலிருந்து கிளையை வாங்கிக்கொண்டு, சுவர் இருந்த பக்கம் போய் நின்றார். பேலே என்று கூப்பிட்டார். பிறகு குலம் கோத்திரம் எதுவும் இல்லாமல், தினமும் சொல்கிற மாதிரியே சொன்னார்: "லுங்கிலே, வா, வீட்டுக்குப் போலாம்."

மொந்தே வந்த மினிபஸ்ஸில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்தது. கிளையைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் இறங்கிப் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள். யாரும் கதவு என்று சொல்லவில்லை. அவர் கண்ணைப் பார்த்துத் தலை ஆட்டினார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு வண்டி நிறைய ஆட்கள் அவரை மரியாதையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவரோ ஒரு வார்த்தை பேசக்கூடாத நிலையில் இருந்தார்.

வண்டி ஏறிட்டோம் லுங்கிலே, கிளம்பிட்டோம் என்று கிளையிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், ஓடைக்கு முன்னால் டிரைவரின் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. கிளையோடு இறங்கி ரோட்டுக்கு நடுவே போனார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கப்பி ரோடு. ஆனால் லுங்கிலே நின்றது கதவு இருந்த நாளில். அவருக்குக் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது. யாராவது திறந்துவிட வேண்டாமா?

தொசாமிலே கிளையை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வலக்கையால் இல்லாத கம்பத்தைப் பிடித்து மேலே தூக்கினார். கல்லின் எடை தெரிகிற மாதிரி மெதுவாகத்தான் தூக்கினார். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.

"போலாம் லுங்கிலே. திறந்தாச்சு."

வண்டி அவருக்குப் பின்னால் நடந்துபோகிற வேகத்தில் ஓடையைத் தாண்டியது. உள்ளே இருந்தவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுகரைக்கு வந்ததும் கம்பத்தை இறக்கிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

மொந்தேயின் வீட்டுப் பட்டியில் தொசாமிலே கிளையை வைத்தார். ஆடுகள் வந்து மோந்து பார்த்தன. ஒரு கிழட்டு வெள்ளாடு முதல் இலையை இழுத்தது. பிறகு மற்றவை பாய்ந்தன. ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். தொசாமிலே தனியாக நின்றுகொண்டிருந்தார். கிளை மொட்டையாவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி நான் பேசலாமா?" என்று மொந்தேயிடம் கேட்டார்.

"பேசு, மிரா. தாராளமா."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பக்கவாட்டில் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். பெரியவர்கள் உட்காரும் இடத்தில் அவருக்கு இடம் விட்டார்கள். பீர்ச் சட்டி அவர் முறைக்கு நிறையவே வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார்.

கண் தெரியாத அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள். அவள் தடவித் தடவி அவர் கையைக் கண்டுபிடித்தாள்.

"நீதான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமாம்மா."

"எங்கேருந்து?"

"ஓடைப் பக்கத்துலேருந்து."

அம்மா கையை விடவில்லை.

"அவ்வளவு கிட்டத்துலயா இருந்தான்?" என்றாள்.

மொந்தே இருமினார். தொசாமிலே தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார்கள். இறைச்சியில் ஆண்களுக்கு வைக்கும் நல்ல பங்கையே அவருக்கு வைத்தார்கள். பாதி தின்றார். வண்டியில் கொண்டுபோய் விடச் சொல்கிறேன் என்று மொந்தே சொன்னதற்கு, நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார்.

அந்த ரோட்டில் அப்போது மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. ஓட்டிவந்தவர்கள் மிரா என்று கூப்பிட்டு வணக்கம் சொன்னார்கள். பதிலுக்கு அவரும் கையை உயர்த்தினார். ஓடையில் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இதோ ஓடையைத் தாண்டுகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் தாண்டினார்.